மூன்று ஸ்கேன் எடுத்தும் வலி எதனால் என்று தெரியவில்லையே, டாக்டர்?

கேள்வி:

என் கணவருக்கு வயது 61. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. இடது காலில் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை குடைச்சல் தாங்காமல், சென்ற சித்திரையில் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டிஸ்க் ஆபரேஷன் செய்தோம். எல் 4 – எல் 5 என்றார்கள். அன்றைக்கே கால் குடைச்சல் நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டு நாலைந்து நாள் படுத்தியது. பயந்துபோய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'டிஸ்க் மிச்சம் இருக்கலாம்' என்று ரிப்போர்ட் வந்தது. அந்த வலி தானாகவே போய்விட்டது.

ஆடியில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். மறுநாளிலிருந்து அதே காலில் மறுபடி குடைச்சல். ஆவணியில் ஒரு ஸ்கேன், கார்த்திகையில் ஒரு ஸ்கேன் எடுத்தோம். ஒன்றில் 'தழும்பு', இன்னொன்றில் 'டிஸ்க் திரும்ப வந்திருக்கலாம், அடுத்த டிஸ்க்கும் தேய்ந்திருக்கிறது' என்று இருக்கிறது. ஒரு டாக்டர் திரும்பத் திறந்து ஸ்குரூ வைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஒன்றும் வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார். காலையில் சித்திரை வீதியை ஒரு சுற்று நடந்தவர், இப்போது பாதியில் ஏதாவது திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். முதல் ஆபரேஷன் தவறிவிட்டதா? ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேனும் எடுக்க வேண்டுமா? வைகுண்ட ஏகாதசிக்கு வரிசையில் நிற்கலாமா?

– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்:

அம்மா, நீங்கள் அனுப்பிய மூன்று ரிப்போர்ட்டையும் படித்தேன். அவற்றைவிட எனக்கு உதவியது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்: ஆபரேஷன் அன்றே கால் குடைச்சல் நின்றது, குடம் தூக்கிய மறுநாள் அதே காலில் திரும்பியது. முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்களில் பாதியை, வலி எந்தத் தேதியில் நின்றது, எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டே பிரித்துவிடலாம். ஆளைத் தொட்டுப் பார்க்காமல் சிகிச்சை சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஒருநாள்கூடக் கால்வலி விடவே இல்லை என்றால் சந்தேகம் ஒரு பக்கம் போகும். டிஸ்க் துண்டு உள்ளே மிஞ்சியிருக்கலாம், நரம்பு வெளியேறும் துளை இன்னும் குறுகலாக இருக்கலாம், அபூர்வமாக மேல் அல்லது கீழ் டிஸ்க்கில் கை வைத்திருக்கலாம். வலிக்குக் காரணமே முதுகு அல்ல, இடுப்பு மூட்டு என்பதும் உண்டு. சம்மணம் போட முடியவில்லை, தொடை இடுக்கில் வலிக்கிறது என்பவர்களுக்கு முதுகை எத்தனை முறை திறந்தாலும் பயன் இல்லை. இதெல்லாம் உங்கள் கணவர் கதை அல்ல. இரண்டு மாதத்துக்கு மேல் அவருக்குக் கால்வலி இல்லவே இல்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: சித்திரையில் நடந்த ஆபரேஷன் தவறியதாகத் தெரியவில்லை. அமுங்கியிருந்த நரம்பு அன்று விடுபட்டிருக்கிறது. இப்போது நடப்பது வேறொரு சம்பவம்.

நன்றாக இருந்து, சில வாரமோ மாதமோ கழித்து, குனிந்தபோதோ தூக்கியபோதோ சட்டென்று அதே காலில் வலி பிடித்தால், அதே டிஸ்க்கிலிருந்து மீண்டும் ஒரு துண்டு பிதுங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைப்போம். இந்த ஆபரேஷனில் டிஸ்க்கை முழுதாக எடுப்பதில்லை. வெளியே வந்து நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறோம். மிச்சம் உள்ளேயே இருக்கும், அது வந்த ஓட்டையும் இருக்கும். ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு மறுபடி பிதுங்குவதாக உலகெங்கும் கணக்கு சொல்கிறது. சுத்தமாகச் செய்த ஆபரேஷனிலும் இது நடக்கும். தழும்பினால் வரும் வலி பெரும்பாலும் இப்படி ஒரே நாளில் வராது. மெல்ல மெல்ல, நாள் சொல்ல முடியாதபடி வந்து சேரும்.

இனி ஸ்கேன்களுக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் எடுத்த முதல் எம்.ஆர்.ஐ.யை ஒதுக்கி வையுங்கள். ஆபரேஷன் ஆன இடத்தில் முதல் ஆறு வாரம் வீக்கமும், உறைந்த ரத்தமும், புதிதாக வளரும் சதையும் கலந்து கிடக்கும். ஃபிலிமில் பார்த்தால் எடுக்காத டிஸ்க் அப்படியே இருப்பதுபோலத் தெரியும். நன்றாக நடமாடுகிறவருக்கும் அப்படித்தான் தெரியும். 'மிச்சம் இருக்கலாம்' என்று ரேடியாலஜிஸ்ட் எழுதியதில் தப்பில்லை; அவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். அந்த நேரத்தில் அந்தப் படம் எடுத்ததுதான் வீண்.

அந்த வாரம் பார்த்திருக்க வேண்டியது வேறு. ஆபரேஷனுக்குப் பின் நன்றாக இருந்தவருக்கு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வாரத்தில் இடுப்பு வலி திரும்பி, படுக்கையில் புரள முடியாமல், ராத்திரியெல்லாம் வாட்டினால், அதிலும் சர்க்கரைக்காரராக இருந்தால், டிஸ்க்கில் கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. வெளித் தையலும் அழகாக ஆறியிருக்கும். அப்போது முதலில் தேவைப்படுவது ரத்தத்தில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற இரண்டு பரிசோதனைகள். சி.ஆர்.பி. ஆபரேஷன் ஆன இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், சுமார் இரண்டு வாரத்தில் இறங்கிவிட வேண்டும். மூன்றாவது வாரமும் அது உயரத்தில் நின்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் பொருள் உண்டு. கிருமி என்று சந்தேகம் வலுத்தால் சி.டி. பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். நம் ஊரில் காசநோயையும் சேர்த்துத் தேட வேண்டும், அதற்கான சி.பி.நாட் சோதனையைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். உங்கள் கணவருக்கு அந்த வலி மருந்தில்லாமல் தணிந்திருக்கிறது. பிந்தைய இரண்டு ரிப்போர்ட்டிலும் கிருமிக்கான அடையாளம் எதுவும் சொல்லப்படவில்லை. அதனால் அந்தக் கவலை வேண்டாம் என்றே தோன்றுகிறது. இருந்தாலும் இப்போது ஒருமுறை அந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் செய்து வையுங்கள். ஒரு ஸ்கேன் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

ஆவணி, கார்த்திகை ஸ்கேன்களில் ஒன்று தழும்பு என்கிறது, இன்னொன்று டிஸ்க் என்கிறது. எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். தொலைபேசிக் கம்பியைப் படம் பிடித்தால் கம்பி தெரியும், அதில் போகிற பேச்சு தெரியாது. எம்.ஆர்.ஐ.யும் அப்படித்தான். நெதர்லாந்தில் கால் குடைச்சலுக்குச் சிகிச்சை பெற்ற 283 பேருக்கு ஒரு வருடம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள்; 2013-ல் வெளியான ஆய்வு அது. குணமானவர்களில் 35 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் ஃபிலிமில் அப்படியே இருந்தது. குணமாகாதவர்களில் 33 சதவீதம். அதாவது ஃபிலிமை மட்டும் கையில் கொடுத்து, இவர் நலமா இல்லையா என்று கேட்டால், எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் ஸ்கேன் செய்து 1994-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்துத்தான் இருந்தது. 'அடுத்த டிஸ்க்கும் தேய்ந்திருக்கிறது' என்ற வரிக்கு 61 வயதில் நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இந்த ரிப்போர்ட் மொழியைப் பற்றிக் கோயம்புத்தூரிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2021-ல் வெளியிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 44 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரிப்போர்ட்டில் இருப்பதை உள்ளது உள்ளபடி விளக்கினார்கள்; மறு பிரிவுக்கு, இவையெல்லாம் வயதுக்கு ஏற்ற மாற்றங்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ரிப்போர்ட்டை வரி வரியாகக் கேட்டவர்களுக்குப் பயம் கூடியிருந்தது, வலி குறைந்தது கொஞ்சம்தான், அன்றாட வேலை செய்யும் திறனும் மற்றவர்களைவிட மோசம். அவர்கள் ஆபரேஷன் ஆனவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தில்லை நகரில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, மஞ்சப்பையில் ஃபிலிமோடு வருகிறவர்கள், உட்காரும் முன்பே "டாக்டர், நரம்பு நசுங்கியிருக்காம்" என்று சொல்லும் முகத்தைப் பார்க்கிற எனக்கு அந்த முடிவு வியப்பாக இல்லை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கும் பழக்கத்தையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம்.

அப்படியானால் படத்தை எதோடு ஒப்பிடுவது? காலோடு. எல் 4 – எல் 5 டிஸ்க் வழக்கமாக அழுத்துவது எல் 5 நரம்பை. அது கால் கட்டைவிரலைத் தூக்கும் நரம்பு. அவரை வீட்டிலேயே இரண்டு குதிகாலிலும் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். இடது பாதத்தின் முன்பக்கம் தூக்க முடியாமல் விழுகிறதா? ஹவாய் செருப்பு போட்டு நடக்கும்போது இடது செருப்பு மட்டும் கழன்று விடுகிறதா? அப்படி இருந்தால் நரம்புக்குப் பலம் குறைகிறது என்று பொருள். நாள் கடத்தக் கூடாது. வலி மட்டும்தான், பலம் சரியாக இருக்கிறது என்றால் அவகாசம் இருக்கிறது. இந்த ஒரு தகவல் உங்கள் மூன்று ரிப்போர்ட்டிலும் இல்லை, இருக்கவும் முடியாது.

பாதி வீதியில் உட்கார்ந்துவிடுகிறார் என்று எழுதியிருப்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. முதுகுத்தண்டில் இடம் குறுகியிருந்தால் சும்மா நின்றால் வலி தணியாது. உட்கார வேண்டும், குனிய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சைக்கிளை மட்டும் சிரமமில்லாமல் மிதிப்பார்கள், குனிந்து ஓட்டுவதால். காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் நின்றாலே கெண்டைக்கால் வலி போய்விடும். பத்து வருடச் சர்க்கரைக்காரருக்கு இரண்டாவதும் வரக்கூடியதுதான். பார்க்கிற டாக்டர் பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்த்தாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேனைப் பற்றி. உங்கள் கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி. தழும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு, டிஸ்க்குக்குக் கிடையாது. கையில் ஏற்றும் காடோலினியம் மருந்து சில நிமிடங்களில் தழும்புக்குள் போய் அதை ஃபிலிமில் வெள்ளையாகக் காட்டும். டிஸ்க் துண்டு கறுப்பாகவே நிற்கும், சுற்றி வேண்டுமானால் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். இந்த மருந்து டிஸ்க்குக்குள் எவ்வளவு மெதுவாகக் கசிகிறது என்பதையும் கங்கா மருத்துவமனைக் குழுதான் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டியது, 2004-ல் உலக அளவிலான பரிசு பெற்ற ஆய்வு அது. நல்ல டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு மருந்து முழுதாகச் சேர சுமார் 6 மணி நேரம். மெதுவாகத்தான் என்றாலும் டிஸ்க்குக்குள்ளும் அது கசியும்; அதனால்தான் ஊசி போட்டதும் தாமதிக்காமல் படம் எடுக்க வேண்டும். ஊசியைப் போட்டு வெளியே உட்கார வைத்து, நடுவில் வேறு ஒருவரை எடுத்து முடித்துவிட்டுக் கூப்பிட்டால், ஊசியின் பயனே போய்விடும்.

ஆனால் அவருக்குச் சர்க்கரை இருப்பதால் முதலில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று கணக்குப் போட வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். என்ற அந்த எண் 30-க்குக் கீழே இருந்தால் ரேடியாலஜிஸ்டும் சிறுநீரக டாக்டரும் கலந்து பேசித்தான் ஊசி. இன்னொன்று, ஆவணி ஸ்கேனும் கார்த்திகை ஸ்கேனும் ஊசி இல்லாமல் எடுத்தவை என்றால், அவற்றையும், ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ.யையும் பக்கத்தில் வைத்து ஒரே ரேடியாலஜிஸ்ட் பார்க்கட்டும். அதிலேயே விடை கிடைத்துவிட்டால் நான்காவது ஸ்கேனே வேண்டாம். பழைய ஃபிலிம் மருத்துவமனையிலேயே இருக்கிறது என்றால் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளியின் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி. டிஸ்சார்ஜ் தாள் போதாது. உள்ளே என்ன செய்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதியிருக்கும் ஆபரேஷன் குறிப்பு வேண்டும்.

காடோலினியத்தை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் மையோடில் என்ற எண்ணெய் மருந்தை முதுகுத்தண்டு நீருக்குள்ளேயே செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். சிலருக்கு அது உள்ளே நரம்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, ஆயுள் முழுக்க எரிச்சலைக் கொடுத்தது. அந்த எண்ணெய்த் துளிகள் முப்பது நாற்பது வருடம் கழித்தும் எக்ஸ்ரேயில் முத்து முத்தாகத் தெரியும். கையில் ஏற்றும் இன்றைய மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது ஸ்குரூ. மூன்று எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறீர்கள், நின்றபடி எடுத்த எக்ஸ்ரே ஒன்றுகூட இல்லை. இதுதான் என் ஒரே கோபம். எம்.ஆர்.ஐ. படுத்துக்கொண்டு எடுப்பது. ஓர் எலும்பு இன்னொன்றின் மேல் வழுகினால், படுத்ததும் அது பழைய இடத்துக்கு வந்து ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். நிற்க வைத்து, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று என்று பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் வழுகல் தெரியும். சில நூறு ரூபாய் வேலை. வழுகல் இருந்தால் ஸ்குரூ வைத்து எலும்பை இணைப்பதில் நியாயம் இருக்கிறது. வழுகல் இல்லை, முதல் தடவை திரும்பிய டிஸ்க், கால்வலிதான் பிரதானம் என்றால், ஆபரேஷன் தேவைப்பட்டாலும் பல சமயம் அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். ஸ்குரூ ஏன் என்று அந்த டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குகிறவர் சொல்வதைக் கேட்கலாம். வெறும் தழும்பு என்று உறுதியானால் அதற்காகத் திறக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் புதுத் தழும்புதான் வளரும்.

திருச்சியில் இப்போது எல்லோரும் எம்.ஆர்.ஐ.யை, காந்த சக்தி கூடிய "3 டெஸ்லா மெஷின்லதான் எடுக்கணும்" என்கிறார்கள். முதுகில் ஏற்கெனவே ஸ்குரூ வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: உலோகத்தைச் சுற்றி விழும் நிழல் 3 டெஸ்லாவில்தான் அதிகம். அவர்களுக்கு 1.5 டெஸ்லாவே பல சமயம் நல்ல படம் தரும். ஸ்குரூ சரியான இடத்தில் இருக்கிறதா, தளர்ந்து சுற்றிலும் கறுப்பு வளையம் விழுந்திருக்கிறதா, எலும்பு ஒட்டியிருக்கிறதா என்பதற்கெல்லாம் சி.டி.தான். கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு என்பதால் அதைக் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது.

உங்கள் கணவருக்குப் பாதத்தில் பலம் குறையவில்லை என்றால், முதலில் ஆறு வாரம் மருந்து, பிசியோதெரபி, தேவைப்பட்டால் நரம்பின் அருகே ஒரு ஸ்டீராய்டு ஊசி என்று போகலாம். பிதுங்கிய துண்டு தானே சுருங்குவதும் நிறைய நடக்கிறது. ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே சர்க்கரை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மறு ஆபரேஷன் என்று முடிவானாலும் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே. இல்லையென்றால் கிருமிக்கு நாமே கதவைத் திறந்து விடுவதாகும். ரயில்வே மருத்துவ அட்டை இருக்குமே, பொன்மலை ரயில்வே மருத்துவமனையிலோ, புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ இன்னொரு அபிப்பிராயம் கேட்பதில் தவறே இல்லை. ஸ்கேனை விற்கவும் ஸ்குரூவை விற்கவும் அவசியமில்லாத இடத்தில் கிடைக்கும் அபிப்பிராயத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

ஏகாதசியன்று விடிகாலைக் கூட்டத்தில் அவரை நிறுத்த வேண்டாம். மணிக்கணக்கில் நின்று, நெரிசலில் தள்ளுபட்டு, திரும்பி வந்து மாத்திரை தேடுவதற்கு, இராப்பத்து நாட்களில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய் வரலாம். பகலில் போனால் பிரகாரத்துக் கல் சுடும். காலில் மரமரப்பு இருக்கும் சர்க்கரைக்காரருக்குச் சூடு உறைக்காது. வீட்டுக்கு வந்து பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். கனமில்லாத சாக்ஸ் போட்டு நடக்கச் சொல்லுங்கள், இரவில் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சிறுநீர் முட்டியும் வரவில்லை, அல்லது வருவதே தெரியாமல் கசிகிறது. உட்காரும் இடத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போகிறது. இரண்டு காலும் சேர்ந்து துவள்கிறது. இவற்றில் ஒன்று வந்தாலும் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள், மறுநாள் ஓ.பி.க்கும் காத்திருக்காதீர்கள். முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கொத்து மொத்தமாக அமுங்கியிருக்கலாம். அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய சமாசாரம் அது. 108-ஐக் கூப்பிட்டு, நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.